பொதுக் காரணியும் அடைப்புக்குறியும்

எண்கணித நூல்களிற் பொதுக் காரணிகளுக்கு ஓர் அத்தியாயமும், பொது மடங்குகளுக்கு மற்றோர் அத்தியாயமும் வகுக்கப்படுவது வழக்கு. பெருக்கலின் இயல்பாகிய பங்கீட்டு விதியோ இவ்விரண்டிற்கும் அப்பால், அட்சரகணிதத்தின் வாயிலில், அடைப்புக்குறி நீக்கும் பயிற்சியாக வந்து நிற்கும். தரம் 6 இலும் 7 இலும் பயிலும் பிள்ளை இம்மூன்றையும் மூன்று வெவ்வேறு வித்தைகளாகவே மனத்திற் கொள்கின்றது. ஒன்றிற்கு ஏணிபோல் எழுதி வகுத்தல். மற்றதற்கும் அவ்வாறே வகுத்தல், ஆயின் ஈற்றிற் பெருக்கவேண்டியவை வேறு. மூன்றாவதற்கு வளைகோடு இட்டுப் பெருக்கல். இம்மூன்றும் ஒரு பொருளின் மூன்று தோற்றங்களே என்பதும், அவற்றுட் பங்கீட்டு விதியே முற்படக் கற்பிக்கற்பாலது என்பதும் இக்கட்டுரையிற் கூறப்புகும் கருத்துக்களாம்.

இக்கருத்து ஆசிரியர் அறையிற் பேசிவிட்டுப் போகும் சிறு சர்ச்சையாகத் தோன்றலாம். ஆயின், 36, 24 என்னும் எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியதைக் கண் மூடித் திறக்குமுன் கூறும் மாணாக்கன், ஈராண்டின் பின் 36க + 24ச என்னும் கோவையைக் காரணிப்படுத்துக என்றதும் வாளாவிருப்பதை வகுப்பறையிற் பலகாலுங் காண்கின்றோம். கணிதம் தனக்கு வராது எனப் பிள்ளை தன்னைத்தானே தீர்ப்பிட்டுக்கொள்வது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். அதன்பின் க.பொ.த. சாதாரண தரம் வரையிற் கணித பாடவேளைகளிற் பிள்ளையின் உடல் மாத்திரமே வகுப்பில் இருக்கும்.

முதற்கண் பெயர்களைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். நம் நாட்டுப் பாடநூல்கள் ‘பொதுக் காரணிகளுட் பெரியது’, ‘பொது மடங்குகளுட் சிறியது’ என வழங்க, தமிழ்நாட்டார் ‘மீப்பெரு பொதுக் காரணி’, ‘மீச்சிறு பொது மடங்கு’ என வழங்குவர். இருதிறப் பெயர்களிலும் ஒரு பொறி உண்டு. பெரியது என்னுஞ் சொல் செவியில் வீழ்ந்ததும் பிள்ளை பெரிய விடையொன்றைத் தேடும்; சிறியது எனக் கேட்டதும் சிறிய விடையைத் தேடும். உண்மையோ இதற்கு மறுதலை. 36, 24 என்பவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியது 12. பொது மடங்குகளுட் சிறியது 72. ஓர் எண்ணின் காரணி அவ்வெண்ணினும் மிகாது. மடங்கோ, பூச்சியத்தை நீக்கி நோக்கின், அவ்வெண்ணினுங் குறையாது. ஆகவே முன்னது சிறியவற்றுட் பெரியது. பின்னது பெரியவற்றுட் சிறியது.

இதனைத் தெளிவித்தற்கு ஒரு வினா நன்கு பயன்படும். பொதுக் காரணிகளுட் சிறியதையும், பொது மடங்குகளுட் பெரியதையும் ஏன் ஒருவரும் கேட்பதில்லை? சிறிது நேரம் விட்டுவைத்தால் வகுப்பே விடை கூறும். முன்னது எப்பொழுதும் 1, பின்னது இல்லவேயில்லை. இவ்விடையைத் தாமே கண்ட மாணாக்கர் பெயர்களை மாற்றி வழங்குதல் அரிது. நம் நாட்டு வழக்கில் வேறொரு நன்மையும் உளது. ‘காரணிகளுள்’ என உருபு விரிந்து நிற்றலால், காரணிகளை எழுதுக, பொதுவானவற்றைத் தெரிக, அவற்றுட் பெரியதைக் கொள்க எனச் செய்முறையைப் பெயரே உரைத்துவிடுகின்றது. பொ.கா.பெ., பொ.ம.சி. எனத் தொடக்கத்திலேயே குறுக்கிவிடின் அந்நன்மை போய்விடும். சுருக்கம் பரீட்சைத்தாளுக்கு உரியது, முதற்பாடத்துக்கு உரியதன்று.

இனிப் பொருளுக்கு வருவாம். பாடசாலையிற் சரசுவதி பூசைக்கு 36 மோதகமும் 24 வாழைப்பழமும் வந்துள்ளன எனக் கொள்வோம். ஒன்றையும் வெட்டாமலும், ஒன்றும் மிஞ்சாமலும், எல்லாத் தட்டங்களும் ஒருபடித்தாயிருக்கவும் அவற்றைப் பரப்பி வைத்தல் வேண்டும். எத்தனை தட்டங்கள் வைக்கலாம்? எட்டுத் தட்டம் வைப்பின் பழம் மும்மூன்றாகச் சரிவரும். மோதகம் நந்நான்கு போக நான்கு மிஞ்சும். ஒன்பது வைப்பின் மோதகம் சரிவரும். பழம் ஆறு மிஞ்சும். முயன்று பார்ப்பின் 1, 2, 3, 4, 6, 12 என்னும் எண்ணிக்கைகளே ஒவ்வும். இவையே பொதுக் காரணிகள். மிகுதியான தட்டம் வைக்க விரும்பின் 12. தட்டம் ஒன்றில் 3 மோதகமும் 2 பழமும் இருக்கும்.

இக்கணக்கை இவ்வளவில் முடித்து விடையின் கீழ் இருகோடு இடுதல் பொதுவழக்கம். அங்ஙனம் முடித்துவிடாது, வைத்த தட்டங்களையே நோக்கி இன்னும் ஒரு வரி எழுதுவித்தல் வேண்டும்:

36 + 24 = 12 × 3 + 12 × 2 = 12 × (3 + 2)

அடைப்புக்குறிக்குள் நிற்பது ஒரு தட்டம். வெளியே நிற்பது தட்டங்களின் தொகை. இவ்வரியை வலப்புறமிருந்து இடப்புறமாகச் சென்று வாசித்தால், ‘பன்னிரண்டு தட்டங்களிலும் உள்ள மோதகங்களைத் தனியாகவும், பழங்களைத் தனியாகவும் எண்ணிக் கூட்டுக’ என்னும் பொருள்படும். அது பங்கீட்டு விதி. இடப்புறமிருந்து வலப்புறமாக வாசித்தால், ‘இரு குவியல்களையும் ஒத்த தட்டங்களாக வகுத்து வைக்க’ என்னும் பொருள்படும். அது பொதுக் காரணி எடுத்தல். சென்ற வழியே மீண்டு வருதல் போல்வது இது. போகும் வழியை ஓராண்டிலும் மீளும் வழியை வேறோராண்டிலும் காட்டி, இரண்டும் ஒரே ஒழுங்கை என்பதைச் சொல்லாது விடின், பிள்ளை அதனை எங்ஙனம் அறியும்?

ஏணி முறையும் இவ்வரியின் மறுவடிவமே. 36, 24 என்பவற்றை 2 ஆல் வகுக்க 18, 12. மீண்டும் 2 ஆல் வகுக்க 9, 6. 3 ஆல் வகுக்க 3, 2. அப்பால் 1 அன்றிப் பொதுக் காரணி இல்லை. இடப்பக்கத்து வகுத்திகளின் பெருக்கம் 2 × 2 × 3 = 12. அடியில் எஞ்சியவை 3 உம் 2 உம். இடப்பக்கத்தே நிற்பன அடைப்புக்குறிக்கு வெளியே செல்வன. அடியில் எஞ்சியன அடைப்புக்குறிக்குள்ளே நிற்பன. இந்த 3 உம் 2 உம் தட்டத்திலிருந்த மோதகமும் பழமுமே எனக் காட்டியவிடத்து, ஏணி என்பது காரணம் அறியாது ஒப்பிக்கும் மந்திரமாய் இருத்தல் ஒழிந்து, கண்டறிந்த ஒன்றன் குறிப்பாகின்றது.

பொது மடங்கும் இதே ஏணியிற் கிடக்கின்றது. 36 என்பது 12 × 3. 24 என்பது 12 × 2. இரண்டிற்கும் மடங்காகும் எண், பொதுவாய் உள்ள 12 ஐ ஒருமுறையும், எஞ்சிய 3 ஐயும் 2 ஐயும் உடைத்தாயிருத்தல் போதும்: 12 × 3 × 2 = 72. 36 × 24 எனப் பெருக்கி 864 என்பாரும் பொது மடங்கொன்றைக் கண்டாரே. ஆயின் பொதுவான 12 ஐ இருமுறை எண்ணிவிட்டார். 864 ஐ 12 ஆல் வகுக்க 72 வருதலும் அதனாலேயே. இரண்டு எண்களுக்குப் பொ.கா.பெ., பொ.ம.சி. என்பவற்றின் பெருக்கம் அவ்வெண்களின் பெருக்கத்துக்குச் சமன் என்னும் விதியின் காரணம் இதுவே. மூன்று எண்களுக்கு இவ்விதி செல்லாது என்பதை உடன் கூறாது விடலாகாது. 12, 18, 20 என்பவற்றின் பொ.கா.பெ. 2, பொ.ம.சி. 180, இவற்றின் பெருக்கம் 360. மூன்றெண்களின் பெருக்கமோ 4320. மூவர்க்கும் பொதுவானது ஒருபுறமிருக்க, இருவர்க்கு மாத்திரம் பொதுவானதும் உண்டு என்பதே வேறுபாட்டின் காரணம்.

பொது மடங்கிற்கு நூல்களிற் கூறப்படும் எடுத்துக்காட்டுக்கள் பெரும்பாலும் ஒருங்கே ஒலிக்கும் மணிகளும் ஒருங்கே புறப்படும் பேருந்துகளுமே. பேருந்துகள் கால அட்டவணைப்படி புறப்படுதல் பிள்ளைகள் அனுபவத்திற் காணாத ஒன்றாதலின், அவ்வெடுத்துக்காட்டை யான் பெரிதும் விரும்புவதில்லை. மிருதங்கம் பயிலும் பிள்ளை ஒன்றேனும் வகுப்பில் இருக்கும். அப்பிள்ளையை அழைத்தல் நன்று. ஆதி தாளத்துக்கு அட்சரம் 8. மூன்று அட்சர அளவுள்ள சொற்கட்டைச் சமத்தில் தொடங்கி இடைவிடாது வாசித்துச் சென்றால் மீண்டும் அது சமத்திற் பொருந்துவது எப்போது? 24 அட்சரத்தின் பின். அஃதாவது சொற்கட்டு எட்டு முறையும் தாளம் மூன்று ஆவர்த்தனமும் சென்றபின். சொற்கட்டு 4 அட்சரமாயின் ஓர் ஆவர்த்தனத்திலேயே பொருந்தும். 6 ஆயினும் 24 இலேயே பொருந்தும். 3 க்கும் 6 க்கும் ஒரே விடை வருதல் எங்ஙனம் என்னும் வினாவை வகுப்பிலே போட்டால், 6 உம் 8 உம் தம்முள் 2 ஐப் பொதுவாக உடையன என்பது தானே வெளிப்படும். பிரபவ முதல் அட்சய ஈறான அறுபதாண்டு வட்டமும் இவ்வினத்ததே. வியாழன் ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டும் சனி சுற்றிவர ஏறக்குறைய 30 ஆண்டும் செல்லும். 12, 30 என்பவற்றின் பொ.ம.சி. 60 அன்றோ.

பின்னங்களைக் கூட்டுதலிலும் இம்மூன்றும் ஒருங்கு கூடுதலைக் காணலாம். பன்னிரண்டில் ஐந்தையும் பதினெட்டில் ஏழையும் கூட்டுதற்கு 36 ஐப் பொதுப்பகுதியாகக் கொள்கின்றோம். முன்னது முப்பத்தாறில் 15. பின்னது முப்பத்தாறில் 14. தொகை முப்பத்தாறில் 29. இங்கே ‘முப்பத்தாறில் ஒன்று’ என்பதே அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் பொதுக் காரணி. உள்ளே நிற்பது 15 + 14. பகுதிகளையும் கூட்டி எழுதும் பிள்ளைக்கு இதைக் காட்டினால், பகுதியை ஏன் கூட்டலாகாது என்பது விளங்கும். பதினைந்து மோதகத்தையும் பதினான்கு மோதகத்தையும் கூட்டும்போது மோதகம் என்னும் பெயரை இருமுறை கூட்டுவாரில்லை.

பங்கீட்டு விதி என்னும் பெயர் பிள்ளைகளுக்குப் புதிதாயினும் செயல் புதிதன்று. ஏழாம் வாய்பாட்டில் எட்டேழு மறந்த பிள்ளை, ஐயேழு முப்பத்தைந்தையும் மூவேழு இருபத்தொன்றையும் கூட்டி ஐம்பத்தாறு என்கின்றது. ஒரு கொப்பியின் விலை 98 ரூபாவாயின் ஏழு கொப்பிக்கு 700 இல் 14 குறைய 686 எனக் கடைக்காரர் வாயாற் கூறுவார். இப்பண்பிற்கு ஐரோப்பிய மொழியிற் பெயரிட்டவர் சேர்வுவா என்னும் பிரான்சியக் கணிதர், ஆண்டு 1814. யூக்கிளிட்டு கிறித்துவுக்கு முன் ஏறக்குறைய 300 ஆம் ஆண்டளவில் ஆக்கிய ‘மூலகங்கள்’ என்னும் நூலின் இரண்டாம் புத்தகத்து முதலாம் எடுப்பு இவ்வியல்பையே செவ்வகங்களின் பரப்பாகக் கூறுகின்றது. நீளத்தைத் துண்டுகளாக்கினால் முழுச் செவ்வகத்தின் பரப்பு துண்டுச் செவ்வகங்களின் பரப்புக்களின் கூட்டுத்தொகையாம் என்பது அது. கட்டத்தாளில் வரைந்து நிறந்தீட்டினால் தரம் 6 மாணாக்கர்க்கும் எளிதில் விளங்கும்.

எனினும் ஆசிரியர்க்கு இவற்றினும் பயன்படுவது இரண்டாம் பாஸ்கரர் 1150 ஆம் ஆண்டில் இயற்றிய லீலாவதியிற் காணப்படும் ஒரு கணக்கு. 135 ஐ 12 ஆற் பெருக்குதலே கணக்கு. அதனை ஒருவழியன்றிப் பலவழியாற் செய்து காட்டுகின்றது அந்நூல். 12 ஐ 8 உம் 4 உம் ஆகப் பிரித்தால், 1080 உம் 540 உம் கூடி 1620. 10 உம் 2 உம் ஆகப் பிரித்தால், 1350 உம் 270 உம் கூடி 1620. 12 உடன் 8 கூட்டி 20 ஆற் பெருக்கினால் 2700. அதனின்று எட்டு மடங்காகிய 1080 ஐக் கழிக்க 1620. இவை மூன்றும் பங்கீட்டு விதியின்பாற்படுவன. 12 ஐ 3 × 4 எனக் கொண்டாலோ, 135 ஐ 4 ஆற் பெருக்கி, வந்த 540 ஐ 3 ஆற் பெருக்க வேண்டும். இங்குக் கூட்டல் இல்லை. கூட்டலாற் பிரித்தல் வேறு, பெருக்கலாற் பிரித்தல் வேறு என்னும் நுட்பத்தை இவ்வொரு கணக்கே உணர்த்திவிடுகின்றது. எட்டரை நூற்றாண்டு கடந்தும் இதற்கொப்ப நல்ல முதற்பாடத்தை யான் பாடநூல்களிற் கண்டிலேன்.

இந்நுட்பம் உணராமையாலேயே அட்சரகணித வகுப்பிற் பிழைகள் மலிகின்றன. அவற்றுள் மூன்று பெரும்பிழைகள் ஆண்டுதோறும் தவறாது வருவன. 3(க + 5) என்பதை 3க + 5 என எழுதுதல் முதலாவது. முதலுறுப்பை மாத்திரம் பெருக்கிவிட்டுக் கை ஓய்ந்துவிடுகின்றது. ‘இரண்டையும் பெருக்கு’ என நூறு முறை கண்டிப்பதினும், மூன்று தட்டம் வைத்துத் தட்டமொன்றில் க மோதகமும் ஐந்து பழமும் உள எனக் கூறி, ‘உன் விடையின்படி இரண்டு தட்டங்களிற் பழமே இல்லையே’ எனல் பயன் தரும். இரண்டாவது பிழை மிகைப்பங்கீடு: 2 × (3 × 4) என்பதை 6 × 8 எனக் கொண்டு 48 என்றல். லீலாவதிக் கணக்கைச் செய்தார் இதிற் தடுமாறார். மூன்றாவது வெட்டுதல். தொகுதி 12 + 5, பகுதி 12 ஆய பின்னத்தில், மேலும் கீழும் 12 இருக்கக் கண்டு இரண்டையும் வெட்டிவிட்டு விடை 5 என்பர். வெட்டுதற்கு உரியது தொகுதி முழுவதற்கும் காரணியாய் நிற்பது. 12 என்பது 12 க்குக் காரணியேயன்றி 5 க்குக் காரணியன்று. ஆகவே தொகுதியில் 12 ஐ அடைப்புக்குறிக்கு வெளியே எடுத்தல் இயலாது. தொகுதி 12 + 60 ஆயின் 12(1 + 5) என எழுதி வெட்டலாம், விடை 6. ‘வெளியே எடுக்க இயல்வதையே வெட்டலாம்’ என்னும் ஒரு வாக்கியம் போதும்; ஆயின் வெளியே எடுத்தல் என்பது முன்னரே பழகிய செயலாயிருந்தாலன்றி அவ்வாக்கியத்துக்குப் பொருளில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், எண்களிலே மேற்கூறிய வரியை எழுதிப் பழகிய வகுப்பொன்றில், 36க + 24ச என்பதைப் பலகையில் எழுதி ஒன்றும் கூறாது நின்றேன். பின்வரிசை மாணாக்கன் ஒருவன் 12(3க + 2ச) என்று சொல்லிவிட்டு, ‘இது போன வருசம் வச்ச தட்டந்தானே, சேர்?’ என்றான். கணிதத்தில் அவன் அதுகாறும் பெற்ற புள்ளிகள் பெருமைப்படத்தக்கன அல்ல. புதிய பாடத்தைத் தொடங்கவேண்டிய தேவை அன்று எனக்கு இருக்கவில்லை.

எண்களுக்கு இடப்படும் வகுபடு சோதனைகளும் இவ்விதியின் பிள்ளைகளே. இலக்கங்களின் கூட்டுத்தொகை 9 ஆல் வகுபடின் எண்ணும் வகுபடும் என்பதை மாணாக்கர் வியப்போடு ஏற்றுக்கொள்வர். காரணம் கேட்பார் சிலரே. 432 ஐ நோக்குக. நூறு என்பது 99 + 1. பத்து என்பது 9 + 1. எனவே 432 = 4 × (99 + 1) + 3 × (9 + 1) + 2. அடைப்புக்களை நீக்கினால் 4 × 99 + 3 × 9 என ஒரு பகுதியும், 4 + 3 + 2 என மற்றொரு பகுதியும் வரும். முற்பகுதி 9 இன் மடங்கென்பது வெளிப்படை. ஆதலின் பிற்பகுதியே வழக்கைத் தீர்ப்பது. 3 க்கும் இதுவே காரணம்.

இவ்விதியால் விளையும் மற்றொரு பெரும்பயன் யூக்கிளிட்டின் முறை. ஏணி முறை, சிறிய முதன்மை எண்களால் வகுபடும் எண்களுக்கே எளிது. 391, 299 என்பவற்றைக் கொடுத்துப் பார்க்க. 2, 3, 5, 7, 11 ஆகியவற்றை முயன்று, ஒன்றும் ஒவ்வாமையாற் பொதுக் காரணி 1 எனக் கூறிவிடுவர். ‘மூலகங்கள்’ ஏழாம் புத்தகத்து இரண்டாம் எடுப்பு கூறும் வழி வேறு: பெரியதினின்று சிறியதைக் கழித்துக்கொண்டே செல்க. 391 இல் 299 போக 92. 299 இல் 92 ஐ மூன்று முறை கழிக்க 23. 92 இல் 23 ஐ நான்கு முறை கழிக்க மீதியில்லை. எனவே பொ.கா.பெ. 23. சரிபார்ப்பின் 391 = 23 × 17; 299 = 23 × 13. கழித்தலாற் காரணி அழியாதிருப்பது எவ்வாறெனின், 23 × 17 − 23 × 13 = 23 × (17 − 13) என்பதால்; இரண்டிற்கும் பொதுவாய் வெளியே நின்றது வித்தியாசத்துக்கும் வெளியே நிற்கும். ஆரியபட்டர் 499 ஆம் ஆண்டில் இயற்றிய ஆரியபடீயத்திற் கூறப்பட்ட குட்டக முறையும் இத்தொடர்வகுத்தலையே அடிப்படையாகக் கொண்டது. இன்று கணினிகளும் பொதுக் காரணி காண இம்முறையையும் இதன் வழிவந்த முறைகளையுமே பெரும்பாலும் கையாள்கின்றன.

இதனை விளையாட்டாகவும் ஆக்கலாம். பலகையில் இரண்டு எண்கள் எழுதப்படும். இருவர் மாறிமாறி ஆடுவர். பலகையிலுள்ள யாதேனும் இரண்டெண்களின் வித்தியாசத்தை, அது முன்னரே எழுதப்படாததாயின், ஆடுபவர் எழுதவேண்டும். எழுத எண் இல்லாதவர் தோற்றார். 20, 12 எனத் தொடங்கினால், ஈற்றிற் பலகையில் 4, 8, 12, 16, 20 என்பனவே நிற்கும். யார் எவ்வாறு ஆடினும் அவ்வளவே. எழுதப்பட்டன யாவும் 4 இன் மடங்குகள். 20 வரை 4 இன் மடங்கு ஒன்றேனும் எஞ்சாது. ஐந்தெண்களில் இரண்டு முதலிலேயே இருந்தன, ஆட்டம் மூன்று, முதலாடியவர் வெல்வார். முதல் வாரம் பிள்ளைகள் இதனை அதிட்டம் என்றே நினைத்து ஆடுவர். அடுத்த வாரம் யாரேனும் ஒருவர், எண்கள் 24, 15 என எழுதப்பட்டதைக் கண்டு சற்றே விரல்விட்டு எண்ணி, ‘நீ முதல் ஆடு’ என்று மற்றவர்க்கு விட்டுக்கொடுப்பார்.